கேள்வி கேட்டவளின் குரல்

அன்புள்ள தோழி,

சமையலறையில் காட்டுக்கிழங்கு இருக்கிறது. கழுவித் துடைத்து முறத்தில் பரப்பிய பிறகும் அந்த மண்வாசனை போகவில்லை; கூடம் வரை வந்துவிட்டது. மண் ஒட்டிய எதையும் நான் வாசற்படி தாண்ட விடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். அஞ்செட்டியிலிருந்து திரும்பும் நாட்களில் உன்னைக்கூடக் குழாயடியில் கால் கழுவிய பிறகுதான் உள்ளே விடுவேன். "என்னடி, கான்வென்ட்ல மதர் நின்ன மாதிரி நிக்கிற? நகத்தையும் காட்டட்டுமா?" என்று இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்பாய். நேற்று இந்தக் கிழங்குப் பையை நானே மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஓசூர் வந்து சேர்ந்தேன். புடவையெல்லாம் செம்மண். இன்னும் துவைக்கப் போடவில்லை.

நேற்று உனக்குக் கல் வைத்தார்கள். அதைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீ போன பின் பெய்த முதல் பெருமழைக்கு மறுநாள், மாதியும் அவள் கொழுந்தன் கெம்பனும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நம் இருவரையும் மலைக்கு வரவழைத்த அந்த இருளர் ஊரிலிருந்து விடியுமுன் கிளம்பி, இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார்கள். உள்ளே வாருங்கள் என்றேன். கெம்பன் என் தரையைப் பார்த்தார், தன் கால்களைப் பார்த்தார், வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். மாதிதான் பேசினாள்.

"அக்காவுக்குக் கல்லு வெக்கலாம்னு ஊரு பேசிடுச்சுங்கம்மா. வர்ற அமாவாசைக்கு."

அவர்கள் ஊரில் இறந்தவருக்கு ஓடையிலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து, மரத்தடியில் மற்றக் கற்களோடு வைப்பார்கள். அது அவர்கள் ஆட்களுக்கு மட்டும் உரியது. வெளியாளுக்கு எப்படி என்று கேட்டேன். எதையும் முறைப்படி கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்கு ஆகாது.

கெம்பன் சிரித்தார். "எங்க பாட்டு, எங்க பேரு, எங்க சண்ட எல்லாத்தயும் வயித்துல வாங்கிக்கினு போயிட்டாங்க. அப்புறம் எங்கம்மா வெளியாளு?"

பிறகு மாதி கேட்டாள். "கல்லு வெக்கிற அன்னிக்கு அக்கா கொரலு வேணும். உங்ககிட்டதான இருக்கும்?"

நான் இருக்கிறது என்றுதான் சொன்னேன். அத்தனை வருடப் பதிவுகள் ஓர் அலமாரி நிறைய இருக்கும்போது வேறென்ன சொல்வேன்?

அவர்கள் ஏன் அப்படிக் கேட்டார்கள் என்பது உனக்குப் புரியும். நாம் பதிந்ததை எல்லாம் ஒரு சின்ன மெமரி கார்டில் போட்டு, அதைச் செருகும் நீல ஸ்பீக்கரோடு ஊருக்கே கொடுத்துவிட்டு வந்தாய். "அவங்க சொத்து, அவங்க வீட்ல ஒண்ணு இருக்கட்டும்" என்றாய். அதில் சினிமாப் பாட்டு கேட்பார்கள் என்று நான் சொன்னேன். கேட்டார்கள்தான். ஆனால் அடுத்த வருடம் ஊரின் மூத்தவர் ஒருவர் இறந்து, அவருக்குக் கல் வைத்த அன்று, யாரோ அந்த ஸ்பீக்கரை மரத்தடிக்குக் கொண்டுவந்து அவர் குரலைப் போட்டிருக்கிறார்கள். தேன் எடுக்கப் போகும் பாறைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, நடுவே இருமி, மருமகளைத் திட்டி, மறுபடி விட்ட பாறையிலிருந்து தொடங்கும் அந்தப் பதிவு. அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. யாருக்குக் கல் வைத்தாலும் அவர் குரலை ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் கலைகிறார்கள். அதைக் கேள்விப்பட்ட நாளில் நீ பேருந்தில் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தாய். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு அலமாரியைத் திறந்தேன்.

உன் குரல் எதிலும் இல்லை.

ஏன் இல்லை என்பது எனக்கு எப்போதும் தெரிந்த ஒன்று. தெரிந்தும் அது இப்படி வந்து நிற்கும் என்று தோன்றியதே இல்லை. கேள்வி கேட்கும்போதெல்லாம் நீ பதிவை நிறுத்திவைக்கும் பாஸ் பொத்தானை அழுத்திவிடுவாய். கேட்டு முடித்ததும் விடுவாய். பழைய டேப் ரெக்கார்டர் காலத்தில் தொடங்கிய பழக்கம், கைக்குள் அடங்கும் சின்னக் கருவி வந்த பிறகும் போகவில்லை. கேள்வியில்லாத பதில் பாதி வாக்கியம் மாதிரி என்று எத்தனை முறை சண்டை போட்டேன்! "நாளைக்கு அவங்க வீட்டுப் புள்ளைங்க உக்காந்து கேக்கும்போது நடுவுல என் தொண்டை எதுக்குடி? அது அவங்க சமாச்சாரம்" என்பாய். எழுத்தில் இறக்கும்போது உன் கேள்விகளை நினைவிலிருந்து நான் எழுதி வைப்பேன். ஆகவே நீ கேட்டவை எல்லாம் என் கையெழுத்தில் இருக்கின்றன. உன் வாயில் ஒன்றுகூட இல்லை.

இருந்தும் தேடினேன். எங்காவது ஒரு தரம் கை தவறியிருக்கும் என்று காலையில் காபிக்குப் பிறகு உட்கார்ந்தால் வெயில் சாயும்வரை கேட்டேன். தொழிற்சாலை டைம் ஆபீஸில் ஆயிரம் பேர் வந்து போன நேரத்தைத் தவறாமல் குறித்த விரல் உன்னுடையது. ஓர் இடத்திலும் பிசகவில்லை. ஒரு 'க்ளிக்', பிறகு மாதி. ஒரு 'க்ளிக்', பிறகு கெம்பன். அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், எதற்கென்று தெரியாது. "அய்ய, அக்காவுக்கு இருக்கிற குசும்பு!" என்கிறார் கெம்பன், நீ என்ன சொன்னாய் என்று தெரியாது. ஓரிடத்தில் நான் "உச்சரிப்பைச் சரியாகக் கேள்" என்று அதட்டுவது அட்சரசுத்தமாகப் பதிந்திருக்கிறது. அதற்கு நீ சொன்ன பதில் இல்லை.

பெங்களூரில் இருக்கும் உன் அண்ணன் மகனைக் கூப்பிட்டேன். நல்ல பிள்ளை, அன்றே தேடினான். உன் போன் பொத்தான் போன், அதில் ஒன்றும் கிடையாது. அவன் கல்யாண வீடியோவை அனுப்பினான். அதில் நீ இருக்கிறாய், பச்சைப் பட்டில், பந்தி வரிசையில் நின்று யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாய். உன் வாய் அசைகிறது. மேலே நாதஸ்வரமும் சினிமாப் பாட்டும் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். ஒலியைக் கூட்டினேன், குறைத்தேன், காதருகே வைத்தேன். உன் உதட்டை வைத்தே என்ன சொல்கிறாய் என்று கண்டுபிடித்துவிட்டேன். "ஒப்பட்டு சுமாரா இருக்கு." பந்தியில் போட்ட போளியைப் பற்றி அவ்வளவுதான் கிடைத்தது, அதுவும் சத்தமில்லாமல்.

கடைசி வாரங்களில் உன் பக்கத்திலேயே இருந்தேன். வாதம் வந்து வாயைக் கட்டிவிட்ட பிறகு நீ பேசவில்லை. என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு கண்ணால் மட்டும் பார்த்தாய். அதற்கு முந்தைய கோடையில்தான், உன் கதையையும் ஒருநாள் பதிவு செய்யலாம் என்று சொன்னேன். "என் கதை என்ன, பஞ்ச் கார்டு கதை. மாங்கா சீசன் முடியட்டும், வேப்பனப்பள்ளித் தோப்புல உக்காந்து சாவகாசமா சொல்றேன், நீ எழுது" என்றாய். மாம்பழம் வந்தது, போனது.

என் கணவர் இறந்த பிறகு நான் எப்படி இருந்தேன் என்பதை நீ ஒருத்திதான் பார்த்தாய். மூன்று வேளையும் சமைத்தேன், இரண்டு வேளை துடைத்தேன், யாரோடும் பேசவில்லை. ஒழுங்காக இருக்கிறேன் என்று அதில் ஒரு கர்வம் வேறு. ஒரு நாள் வந்து நின்றாய். "செவுத்தை எத்தனை வாட்டிடி துடைப்ப? நாளைக்கு மலைக்குப் போறேன். உன் கையெழுத்து வேணும், கிளம்பு." உன் தொழிற்சாலையில் தோட்ட வேலைக்கு வந்த இருளர் ஒருவர் வேலியோரம் பாடியதைக் கேட்டு, அது எந்த மொழி என்று விசாரிக்கப் போனவள் நீ. பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போக, காட்டுக்குள் இருக்கும் சுனைகளின் பெயர்களும் கூடவே போகின்றன என்பதை அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாய். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், வேலையில் கன்னடம், எல்லாவற்றையும் பிசைந்து ஒரு பாஷை பேசினாய். இலக்கணப்படி அதில் ஒரு வாக்கியம் தேறாது. மலையில் எல்லாருக்கும் புரிந்தது. நான் பேசிய திருத்தமான தமிழுக்கு, "அம்மா என்ன கேக்கிறாங்க?" என்று உன்னிடம் கேட்டார்கள்.

உன் கேள்விகளில் நீ அதிகம் கேட்டது ஒன்றே ஒன்று. யார் எதைச் சொல்லி முடித்தாலும், "அதுக்கும் முன்னாடி?" இந்தச் சாலையோரத்துக்கு எப்போது வந்தீர்கள்? சொல்வார்கள். அதுக்கும் முன்னாடி? சொல்வார்கள். அதுக்கும் முன்னாடி? "இனி எங்கப்பனத்தாங்க்கா எழுப்பிக் கேக்கணும்!" என்று கெம்பன் கையெடுத்துக் கும்பிடுவது பதிவில் இருக்கிறது.

தேடிக்கொண்டிருந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். க்ளிக் சத்தத்துக்குப் பிறகு உடனே பதில் வருவதில்லை. நீண்ட நேரம் ஒன்றும் இருக்காது. ஒரு கோழி. தூரத்தில் மாட்டு மணி. யாரோ அடுப்பை ஊதுவது. கேள்வியைக் கேட்டுவிட்டு நீ காத்திருக்கிறாய். நானாக இருந்தால் அதற்குள் கேள்வியைத் திருத்தி வேறு மாதிரி கேட்டிருப்பேன். நீ கேட்கமாட்டாய். எழுதும்போது அந்த இடங்களை எல்லாம் 'மௌனம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவேன். இப்போது அவற்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதற்குள் எங்கோ நீ மூச்சு விட்டிருக்க வேண்டும். கோழிதான் கேட்கிறது.

அமாவாசை வந்துவிட்டது. வெறுங்கையோடு போவதில் எனக்கிருந்த அவமானத்தை உன்னிடம் மட்டும் சொல்லலாம். இருக்கிறது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். மழைக்குப் பிறகு, ஊரிலிருந்து கல் மரத்துக்கு மேலே போகும் பாதை வழுக்கியது. கெம்பன் ஒரு கழியை வெட்டிக் கொடுத்து முன்னால் நடந்தார். ஓடையிலிருந்து ஏற்கெனவே கல் எடுத்து வைத்திருந்தார்கள். கொஞ்சம் தட்டையாக, ஒரு பக்கம் வெள்ளைக் கோடு ஓடும் கல். "இதுதான் அக்கா மாதிரி இருந்துச்சு, குள்ளமா" என்றாள் மாதி. எண்ணெய் பூசி, களி உருண்டை வைத்து, பாடி முடித்தார்கள். எது நடந்தாலும் நமக்குப் பதிவு முக்கியம். பாட்டுத் தொடங்கும் முன்பே கருவியை இயக்கி என் பக்கத்தில் வைத்திருந்தேன்.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்பீக்கர் தயாராக இருந்தது.

"இல்லை" என்றேன். "எல்லாவற்றையும் தேடிவிட்டேன். அவள் குரல் எதிலும் இல்லை."

ஒரு கிழவர், "அத்தினி பேரு கொரலயும் வெச்சிருந்தாங்களே, தன்னுத வெச்சுக்கிலயா?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டார். அந்தக் கேள்வி என்னைத் தின்றுகொண்டிருந்த கேள்விதான். ஆனால் அவர் வாயில் அது வெறும் ஆச்சரியமாக இருந்தது.

கெம்பன்தான் வழி சொன்னார். "சரி, அக்கா கேட்டு நாம சொன்னதயே போடுங்க. அக்கா கேட்டதுதான அது."

மாதியின் பதிவைப் போட்டார்கள். காட்டுக்குள் இருந்த பழைய ஊரைவிட்டுக் கீழே இறங்கிய கதை. நாள் முழுக்க நடந்தது, சட்டி பானையோடு ஆற்றைக் கடந்தது, ஒரு நாய் திரும்பிப் போய்விட்டது. க்ளிக். அங்கே மாதி ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லாமலே சத்தமாகச் சொன்னாள்: "இந்த எடத்துல அக்கா கேட்டாங்க, அதுக்கும் முன்னாடின்னு."

உடனே கெம்பன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, குரலை மெலிதாக்கி, "அதுக்கும் முன்னாடீ?" என்றார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "அது நீ ஆட்ட மேக்கிற கொரலு!" என்றாள் ஒருத்தி. அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அந்தக் கிழவர் ஒருமுறை. ஆளாளுக்கு உன்னைப் போலப் பேசத் தொடங்கினார்கள். துக்கத்தில் இது என்ன கூத்து என்று எனக்குக் கோபம் வந்தது. அதைவிட, ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை என்ற கோபம். இழுக்கவேண்டிய இடத்தில் வெட்டினார்கள், இறக்கவேண்டிய இடத்தில் ஏற்றினார்கள்.

"அப்படி இல்லை" என்று எழுந்துவிட்டேன். "அவள் கடைசியில் ஏற்றமாட்டாள். முதல் சொல்லிலேயே மெல்லச் சிரிப்பு இருக்கும். இப்படி."

சொன்னேன்.

என் தொண்டையிலிருந்து நீ வந்தாய். அந்தத் தெலுங்கு இழுப்பு, 'முன்னாடி'யில் பாதியில் இறங்கும் அந்தத் தணிவு, கேட்பவர் மறுக்க முடியாதபடி அதிலிருக்கும் பிரியம். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கெம்பன் கையை இடுப்பிலிருந்து எடுத்தார்.

பதிவில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பது உனக்கு நினைவிருக்கலாம். நெடுநேரம் மௌனம்; இந்தக் கூத்தெல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது. பிறகு மாதி, "அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்லீங்க்கா" என்கிறாள். நீயும் அன்று அதற்கு மேல் கேட்கவில்லை. நேற்று ஸ்பீக்கர் அதே பதிலைச் சொல்லி ஓய்ந்தது. யாரோ அதை அணைத்தார்கள். மாதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேறெதுவும் செய்யத் தெரியாமல் நின்றேன். அதை நீ காத்திருப்பது என்பாய்.

"சொல்றங்க்கா" என்றாள் மாதி.

அவளுக்கு முதல் பிள்ளை ஒன்று பிறந்து, பல் முளைக்குமுன் போயிருக்கிறது. பழைய ஊரில் அதற்கும் ஒரு கல் வைத்திருக்கிறார்கள், உள்ளங்கை அளவில். ஊர் இறங்கி வந்தபோது கற்களைப் பெயர்த்து எடுத்து வரக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். "மடியில கட்டிக்கினேன், அப்புறம் அவுத்து வெச்சிட்டேன். ஆத்துக்கு இந்தப் பக்கம் வந்து நின்னு பாத்தேன். நாயி மட்டும் திரும்பிப் போச்சுங்க்கா. அது அங்கதான் போயிருக்கும்." பிள்ளையின் பெயரையும் சொன்னாள். கெம்பன் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கே அந்தப் பெயர் இத்தனை காலம் தெரிந்திருக்கவில்லை.

பேருந்து ஏற்றிவிடும்போது மாதி கிழங்குப் பையை என் மடியில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் புடவைகூட மாற்றாமல் அந்தப் பதிவைக் கேட்டேன். நீ வந்த இடத்துக்கு ஓட்டினேன். அங்கே நீ இல்லை. ஒரு வயதானவள், மேடேறி வந்த மூச்சிரைப்போடு, கரகரப்பான தொண்டையில், "அதுக்கும் முன்னாடி?" என்கிறாள். அது நான். உன்னைப் போல ஒரு துளியும் இல்லை. நேற்று மரத்தடியில் நின்றவர்கள் எதைக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. இனி வராது என்று தோன்றுகிறது. உன் குரல் என் காதுக்குள் இருக்கிறது என்று இதுவரை நம்பியிருந்தேன். நேற்றிலிருந்து அங்கேயும் அது தேய்ந்துகொண்டு வருகிறது. உன்னை நினைத்தால் என் குரலில் நீ பேசுகிறாய். இதைப் போல ஒரு தண்டனையை நான் எதிர்பார்க்கவில்லை.

இன்று காலை, எப்போதும் போல, பதிவை எழுத்தில் இறக்கினேன். பாட்டு, அதைப் பாடியவர்களின் பெயர்கள், கெம்பனின் கேலி, கிழவரின் கேள்வி எல்லாம் வரிசையாக. கேட்டவர் என்ற இடத்தில் என் பெயரைத்தான் எழுதினேன். அது என் குரல். உன் பெயரை எழுதினால் பொய். நீயும் திட்டுவாய். பிள்ளையின் பெயர் வரும் இடத்தில் கோடு போட்டு விட்டிருக்கிறேன். அதை எழுதலாமா என்று மாதியைக் கேட்டுத்தான் எழுதவேண்டும். அடுத்த வாரம் போவேன். போய்க் கேட்பேன், அவள் சொல்லும்வரை உட்கார்ந்திருப்பேன்.

ஓர் இடத்தில் மட்டும் கை நின்றது. இத்தனை வருடங்களில் மாதி என்னை அம்மா என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. நேற்று என்னைப் பார்த்துக்கொண்டு, என் முகத்துக்கு நேராக, அக்கா என்றாள்; கதை முடியும்வரை அக்கா என்றே சொன்னாள். ஆள் மாறி அழைத்தால் பக்கத்தில் ஒரு குறிப்புப் போடுவது என் வழக்கம். எத்தனை பக்கங்களில் அப்படிப் போட்டு உன்னிடம் கேலி வாங்கியிருக்கிறேன்!

இதற்குப் போடவில்லை. அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

உன் தோழி